"பாக்கலாம்"னுதானே போட்டேன்!

கேள்வி: அக்கா, திருச்சியில இருக்குற எங்க அண்ணி, பொண்ணு சடங்குக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டாங்க. நானும் ஆசையா "பாக்கலாம் அண்ணி"ன்னு போட்டேன், நேர்ல வந்து பாக்கலாம்ங்கற அர்த்தத்துல. "வர இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போகலாம்ல"ன்னு அண்ணன்கிட்ட அழுதாங்களாம். நான் என்ன தப்பா எழுதிட்டேன்? (பேர் வேணாம், தன்லின், மியான்மர்)

பதில்: எழுத்துல தப்பு இல்லம்மா, சத்தம்தான் போய்ச் சேரல. "பாக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே சட்டுனு சொன்னா வர்றேன்னு அர்த்தம், அதையே "பாக்கலாஆம்"னு இழுத்தா கடன் கேட்டு வந்தவன வாசலோட அனுப்புறது. டைப் பண்றப்போ உன் காதுல கேட்டது முதல் சத்தம், அண்ணி காதுல விழுந்தது ரெண்டாவது.

1990ல அமெரிக்காவுல, ஸ்டான்ஃபோர்டுல படிச்ச எலிசபெத் நியூட்டன் இத சோதிச்சுப் பாத்தாங்க. ஒருத்தர் பாட்டோட தாளத்த மட்டும் மேசையில தட்டணும், எதிர்ல இருக்கவங்க என்ன பாட்டுன்னு சொல்லணும். பாதியாவது சொல்லிருவாங்கன்னு தட்டுனவங்க நினைச்சாங்க, 120 பாட்டுல கண்டுபிடிச்சது வெறும் 3! தட்டுறவங்க மண்டைக்குள்ள முழுப் பாட்டும் ஓடுது, கேக்குறவங்களுக்கு டொக் டொக்தான். நானும் பேரனை உக்கார வச்சு பொறந்தநாள் பாட்டத் தட்டினேன், "கதவு தட்டுறாங்களா பாட்டி?"ன்னு கேட்டான்.

மரியாதைக்காவது எழுத்து இருக்கு. பர்மீஸ்ல "லா"ன்னா வா, "லாபா"ன்னா வாங்க, நமக்கு "ங்க" இருக்கு. ஆசைக்கு எந்த மொழியில எழுத்து இருக்கு சொல்லு? அதுலயும் நம்ம யாங்கோன் பக்கம் கரண்ட் போய் போனும் செத்துருச்சுன்னா, அங்க அவங்க அந்த ஒத்தச் சொல்லையே ராத்திரி பூரா திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டு இருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கசப்பா. அத்தைக்காரி வராத சடங்குன்னா சொந்தக்காரங்க வேற சும்மா இருப்பாங்களா.

விளக்கம் டைப் பண்ணிக்கிட்டு இருக்காத, அது இன்னொரு டொக் டொக். போன் போடு. நமக்கு ராத்திரி 9 மணின்னா அங்க 8, சமையல் முடிஞ்சிருக்கும். அண்ணன்கிட்ட குடுக்கச் சொல்லாம அண்ணிகிட்டயே பேசு, டிக்கெட் போட்டாச்சுன்னு தேதியோட சொல்லு.

டிக்கெட் போட்டுட்டல்ல?