கூண்டை முழுதும் மூடலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே வீட்டுக் கொல்லையில் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். மார்கழிப் பனியும் காற்றும் தாங்காதே என்று சென்ற ஆண்டு கூண்டைத் தார்ப்பாயால் முழுதும் மூடினேன். உள்ளே ஈரம் கட்டியதுடன் சில கோழிகளுக்குச் சளியும் பிடித்தது. எங்கே தவறினேன்?
- வாசகர், நீலகிரி

பதில்: காற்று வெளியேற வழி விடாமல் மூடியதே தவறு. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் என்பதாலும், இறகுகளைச் சிலிர்த்து அவற்றிடையே வெதுவெதுப்பான காற்றைத் தேக்கிக்கொள்ளும் என்பதாலும், வளர்ந்த கோழி உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். ஆனால் மூச்சிலும் எச்சத்திலும் வெளிப்படும் ஈரம் உள்ளேயே அடைபட்டால், அங்கே பெருகும் அம்மோனியா வாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கி நோய்க்கு இடம் கொடுக்கும். அதிகாலையில் கூண்டைத் திறக்கும்போது தங்கள் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்.

எனவே காற்று அடிக்கும் பக்கத்தை, கட்டையில் அமர்ந்த கோழியின் தலைக்கு மேல் வரை தார்ப்பாயால் இறுக மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கூரையை ஒட்டிக் கம்பிவலை போட்ட திறப்பு ஒன்றை இரவிலும் விட்டுவையுங்கள். தரையில் உமியோ மரத்தூளோ 4 அங்குலத்துக்குக் குறையாமல் பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். அமரும் கட்டை 2 அங்குல அகலத்தில் பட்டையாக இருந்தால், கோழி தன் விரல்களை இறகால் மூடிக்கொண்டு உறங்கும். அடையும் முன் சிறிது மக்காச்சோளம் கொடுங்கள். உமிக்கு அருகே சூடேற்றும் விளக்கைத் தொங்கவிடுவது தீ விபத்துக்கு வழி என்பதால், வளர்ந்த கோழிகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இம்முறையும் சளி கண்டால், அக்கோழியைத் தனியே வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.