நரக வாரத்தை நினைத்தாலே விலகத் தோன்றுவது ஏன்?

அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீலில் சேரப் பயில்வோர் கடக்க வேண்டிய கடும் பயிற்சி வாரமே நரக வாரம். அதிலிருந்து நீங்கள் விலக நினைப்பதற்குக் காரணம் உடல் வலிமைக் குறைவு அன்று. ஓட்டத்திலும் நீச்சலிலும் தகுதி நேரத்துக்குள் முடித்துவிட்ட நீங்கள், வரவிருக்கும் ஐந்தரை நாட்களையும் ஒரே நேரத்தில் மனத்தில் சுமக்கிறீர்கள்.

சீல் பயிற்சி நடக்கும் கலிபோர்னியாவின் கொரோனாடோவில், ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை நீளும் அந்த வாரத்தில் மொத்த உறக்கமே ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஆயினும் மணியடித்து (விலகுவதை அறிவிக்கும் முறை அது) விலகுவோரில் பெரும்பாலோர் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே, அதுவும் பலர் குளிர்நீரில் கிடக்கும்போது அல்லாமல், அடுத்து மீண்டும் அதில் இறங்க வேண்டுமே என்று எண்ணும் இடைவேளையில் விலகுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த கடும் பயிற்சியில் நிறுத்தத் தோன்றும்போது, அந்த நொடியில் உண்மையில் தாங்க முடியாதது எது என்று கேளுங்கள். விடை எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தால், அடுத்த உணவு வேளை வரை மட்டும் முடிவைத் தள்ளிப்போடுங்கள். அங்கே ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு தருவதால் இந்த அளவு நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் மூச்சுத்திணறல், நுரையோ இரத்தமோ கலந்த இருமல், நெஞ்சுவலி ஆகியவை மன உறுதியால் கடக்க வேண்டியவை அல்ல. 2022 பிப்ரவரியில் நரக வாரத்தை முடித்த பயிற்சி பெற்றுவந்த ஒருவர் சில மணி நேரத்தில் நிமோனியாவால் உயிரிழந்தார். இவ்வறிகுறிகளை உடனே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். நீருக்கடியில் மூச்சடக்கும் பயிற்சியை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள்.