ஜன்னல் வெளுக்காமல், தூண் சாயாமல் பெரிய மண்டபத்தின் உட்புறத்தைப் படமெடுத்து எடிட் செய்வது எப்படி?

வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்த படத்தில் ஜன்னல்கள் வெளுத்து, மூலைகள் கருத்து, தூண்கள் உட்பக்கம் சாய்கின்றன என்கிறீர்கள். தூணை முதலில் முடித்துவிடலாம், அதற்குக் கணினியே வேண்டாம்.

கூரையும் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்த சாய்வு அது. லென்ஸின் மேல் தப்பில்லை. ட்ரைபாடில் வைத்து, கேமரா திரையில் வரும் மட்டக்கோட்டைப் பார்த்து நிமிர்த்துங்கள். 16 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸிலும் தூண் நேராக நிற்கும். தரை கூடுதலாக வந்தால் அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். சாய்த்து எடுத்ததை மென்பொருளில் நிமிர்த்தவும் முடியும். ஆனால் மேல்பகுதி இழுபட்டுத் தெளிவு குறையும், ஓரங்களும் போய்விடும்.

வெளிச்சம்தான் பெரிய விஷயம். ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில், உள்ளே இருண்ட மூலை. இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்க நல்ல சென்சாராலும் பல நேரம் முடியாது. அதனால் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8 என்று நிறுத்திவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி ஐந்து ஷாட் எடுப்பேன்: 1/250, 1/60, 1/15, 1/4, 1 நொடி. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி. அப்பர்ச்சரைத் தொடாதீர்கள், தொட்டால் ஃபோகஸ் ஆழம் மாறி ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இருப்பதிலேயே இருண்ட ஷாட்டில் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் இன்னும் வேகமான ஷாட் ஒன்று தேவை. ஃபுல் ஃபிரேம் கேமரா, 16 மி.மீ., எஃப் 8 என்றால் சுமார் 1.1 மீட்டரில் ஃபோகஸ் வைத்து ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். அரை மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக வரும்.

எடிட்டிங்கில் ரொம்ப நாள் நான், ஷாட்டுகளை மென்பொருளே ஒன்றாகக் கலக்கும் தானியங்கி எச்டிஆரையே நம்பியிருந்தேன். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். மூலையும் ஜன்னலும் ஒரே வெளிச்சத்தில் தெரியும். மண்டபத்துக்கு ஆழமே இருக்காது. அந்த ஒளியும் இருட்டும் மோதுவதைப் பார்த்துத்தானே அங்கே நின்றோம்? அதையே அழித்துவிட்டு என்ன படம்!

இப்போது நடுத்தர ஷாட்டை அடியில் வைத்து, இருண்ட ஷாட்டை மேல் லேயராகப் போட்டுக் கருப்பு மாஸ்க்கால் மறைத்துவிடுகிறேன். பிறகு ஜன்னல் பகுதியில் மட்டும் 20 சதவீத அடர்த்தியில் மென்மையான வெள்ளை பிரஷ், மெதுவாக, பல தடவை; மாஸ்க்கில் வெள்ளை படும் இடத்தில் மட்டும் மேல் லேயர் தெரியும். வெளியே மரமோ வானமோ தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஜன்னல் அறையைவிடப் பிரகாசமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் மாட்டிய ஓவியம் மாதிரி ஆகிவிடும். நிழலில் கல்லின் சொரசொரப்பு லேசாகத் தெரிந்தால் போதும். கடைசி மூலை கருப்பாகவே இருக்கட்டும்.

ஜன்னல் விளிம்பில் வரும் ஊதாக் கோட்டை லேயர் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஷாட்டிலும் நீக்கிவிடுங்கள், பிறகு பிடிப்பது கஷ்டம். மஞ்சள் விளக்கும் பகல் ஒளியும் கலந்திருந்தால் மொத்தப் படத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஒத்துவராது. விளக்கடியில் மட்டும் மாஸ்க் போட்டு மஞ்சளைக் கொஞ்சம் குறையுங்கள், முழுக்க எடுக்க வேண்டாம்.

நேரம் உங்கள் கையில் இருந்தால் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் போங்கள். வெளியே வானமும் உள்ளே விளக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும், அப்போது பெரும்பாலும் ஒரே ஷாட் போதும்.