உலோகம் படிந்த பீட் நிலத்தை வெட்டி அள்ளிவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியை வற்ற வைத்துத் தூர்வாருவதுபோல, செம்பு, நிக்கல், ஈயம் படிந்த பீட் (சதுப்பு மண்) நிலத்தையும் வெட்டி அள்ளி மீட்க முடியாதா?

செய்யவே கூடாது என்பேன். பெங்களூரு பீனியாவில் மண், தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முலாம் பூசும் பட்டறைகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் குரோமியம், ஏரிச் சேற்றில் ஈயம், துத்தநாகம் என்று பார்த்துப் பழகிய எங்களுக்கும் முதலில் தோன்றுவது அள்ளும் யோசனைதான். ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் எங்கள் கூடத்து மூத்த அண்ணன் உடனே கேட்பார்: "அள்ளிடலாம், எங்கப்பா கொட்டுறது?"

பீட் விஷயத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. நீர் தேங்கிய இடத்தில் பாசியும் செடியும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த மண் அது. (மாடித்தோட்டத்துக்கு வாங்கும் கோகோபீட் தென்னை நார்த்தூள், அது வேறு.) வருடத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டரை அள்ளினால் ஆயிரம் வருடம் போய்விடும். உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே இருந்தாலும் மண்ணிலுள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள்தான் இருக்கிறது. நம் நீலகிரியிலும் பீட் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) சுகுமார் குழுவினர் அதை வைத்துத்தான் கடந்த 20,000 ஆண்டுத் தட்பவெப்ப மாற்றங்களை 1993-ல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணை மண்வெட்டியால் தொட எனக்கு மனம் வராது.

மருந்து தண்ணீர்தான். நீர் நிறைந்த பீட்டுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சல்பைடாக மாற்றும். செம்பு, நிக்கல் எல்லாம் அதோடு சேர்ந்து கரையாத நிலையில் அடங்கிவிடும். ஈயத்தை மக்கிய பொருளே இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர்மட்டம் இறங்கினால் எல்லாம் தலைகீழ். சல்பைடு காற்று பட்டுக் கந்தக அமிலமாகும், அடுத்த மழையில் அமிலமும் உலோகமும் சேர்ந்து ஓடையில் இறங்கும். கனடாவின் சட்பரியில் நிக்கல், செம்பு உருக்கும் ஆலைகளின் கந்தகப் புகை பல பத்தாண்டுகள் சுற்றுவட்டாரத்தில் படிந்தது. 1980களின் பிற்பகுதியில் அங்கே வறட்சி வந்து நீர் வற்றியபோது, தேறிவந்த ஸ்வான் ஏரி மறுபடியும் அமிலமானது. புகை எப்போதோ குறைந்திருந்தது, நிலத்தில் தங்கிய கந்தகம்தான் வேலையைக் காட்டியது.

அதனால் முதல் வேலை வடிகால்களை அடைப்பது. இங்கிலாந்தின் தென் பென்னைன் மலைகளில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகையால், பீட்டை உருவாக்கும் ஸ்பாக்னம் என்ற பாசி அழிந்து, மேல்மண்ணில் ஈயம் தங்கி, நிலமே அரித்துப் போனது. 2003 முதல் அங்கே நீரோடிய பள்ளங்களைக் கல்லாலும் மரத்தாலும் அடைக்கிறார்கள். வெற்று பீட்டில் சுண்ணாம்பும் உரமும் போட்டுப் புல் விதைத்து, பிறகுதான் பாசி நடுகிறார்கள். அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஈயம் மண்துகளோடுதான் பெரும்பாலும் நகரும், அரிப்பு நின்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சுண்ணாம்பில் மட்டும் கை இறுக்கமாக இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் பீட் வேகமாக மக்கும், அமிலத்தில் வாழும் ஸ்பாக்னமும் தாங்காது.

பாசி பரப்ப கனடாவின் கியூபெக்கில் உருவான முறை நல்லது. நல்ல நிலத்தின் மேல் சில சென்டிமீட்டர் பாசியை எடுத்துத் துண்டாக்கி, பத்து மடங்கு பரப்பில் தூவி, மேலே வைக்கோல் போடுவார்கள். ஆனால் ஸ்பாக்னத்துக்கு வேர் கிடையாது, தன்னைத் தொடும் நீரில் இருப்பதை அப்படியே உறிஞ்சும். மேற்பரப்பில் செம்பு அதிகமுள்ள இடத்தில் துண்டுகள் கருகிவிடும். எனவே முதலில் சிறு பாத்திகளில் தூவிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பாதரசம். மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தாது. ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் அதே சல்பேட் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற அதிக நச்சுள்ள வடிவமாக மாற்றிவிடும், அது மீனில் சேர்ந்து நம் தட்டுக்கு வரும். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் பாம்பார் சோலைச் சரிவு வரை போனது. அப்படிப்பட்ட இடங்களில் நீர்மட்டத்தை உயர்த்துவதற்கு முன் மண்ணோடு சேர்த்து கீழே ஓடும் நீரையும் மீனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மொத்தப் பாதரச அளவு மட்டும் போதாது, மெத்தில் பாதரசத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.