டிசம்பர் கடைசியில் மேஜிக் கிங்டம்: எந்த நாளில் போவது?

வணக்கம். டிசம்பர் 16 முதல் ஜனவரி 2 வரை அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் இருக்கப்போவதாகவும், கிறிஸ்துமஸ் அன்று பலரும் வீட்டோடு இருப்பார்கள் என்பதால் அன்றைக்கே இரண்டு சிறு பிள்ளைகளுடன் அங்குள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவான மேஜிக் கிங்டம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் அங்கே ஆண்டிலேயே நெரிசல் மிகுந்த காலம்.

பள்ளிகள் எல்லாம் விடுமுறை விடுவதற்குள், நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே பார்த்துவிடுவது நல்லது. அதிலும், மாலையில் தனிக் கட்டணத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அன்று வழக்கமான டிக்கெட்டில் வந்தவர்கள் மாலை 6 மணியோடு கிளம்ப வேண்டும் என்பதால், இரவு வாணவேடிக்கையை விட மனமில்லாதவர்கள் வேறு நாளுக்கு மாறிக்கொள்கிறார்கள். பகல் கூட்டம் கண்கூடாகக் குறைகிறது. வாணவேடிக்கையை இழப்பது வருத்தம்தான், ஆனால் சிறு பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்காத ஒரு காலைப்பொழுது அதைவிடப் பெரிது என்பது என் உறுதியான கருத்து. கொண்டாட்ட டிக்கெட் எடுத்தவர்கள் பிற்பகல் 4 மணி முதலே உள்ளே வரத் தொடங்குவார்கள். ஆகவே பீட்டர் பேன், செவன் ட்வார்ஃப்ஸ் சுரங்க ரயில் போன்ற நீண்ட வரிசைச் சவாரிகளைக் கதவு திறந்ததும் முடித்துவிடுங்கள். டிஸ்னி விடுதியில் தங்கினால் 30 நிமிடம் முன்னதாகவே நுழையலாம்.

இரண்டு நாட்களுக்கு இடையே தயங்கினால், டிஸ்னி இணையதளத்தில் ஒருநாள் டிக்கெட்டின் தேதிவாரி விலையைப் பாருங்கள். கூட்டத்தை எதிர்பார்க்கும் நாட்களுக்கு அவர்களே விலையை ஏற்றி வைத்திருப்பார்கள்.