பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலைக்கு என்ன பயிற்சி எடுக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: பி.எஸ்சி. வேதியியல் முடித்தாயிற்று, வீடு திருப்பூர் பக்கம், ஆறு மாத ‘சுற்றுச்சூழல் தொழில்நுட்ப’ டிப்ளமோவுக்குப் பணம் கட்டலாமா?

கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள். சிஓடி சோதனையை (கழிவுநீரில் உள்ள கரிமப்பொருளை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவீடு) மாணவர்களே கையால் செய்யும் ஆய்வகம் அங்கே இருக்கிறதா? ஸ்லைடு போட்டு நடத்துகிறார்கள் என்றால் வேண்டாம். அந்த ஆறு மாதமும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஷிப்ட் கெமிஸ்ட்டாக இருந்தால் கற்றுக்கொள்வது பல மடங்கு அதிகம், சம்பளமும் வரும்.

ஊர் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறாமல் திருப்பூரில் பட்டறை ஓட்ட வழியில்லை. அதனால் பாக்டீரியா கழிவைத் தின்னும் உயிரியல் தொட்டி, மெம்பரேன் என்ற சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., மிச்ச நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், உப்பு மீட்பு என முழு வரிசையையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம்.

முதல் மூன்று மாதம் ஆய்வகத்தை விட்டு நகராதீர்கள். சிஓடி: 20 மி.லி. மாதிரி, பொட்டாசியம் டைகுரோமேட், சில்வர் சல்பேட் கலந்த கந்தக அமிலம், 2 மணி நேர ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துத் திருப்பிவிட்டபடி கொதிக்க வைத்தல்), பிறகு ஃபெரோயின் நிறங்காட்டி போட்டு ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் டைட்ரேஷன். நீலப்பச்சை செம்பழுப்பாக மாறும் இடம்தான் முடிவு. கொதிக்கும்போதே கரைசல் பச்சையாகிவிட்டால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள்; மாதிரியை நீர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும். சாயக் கழிவில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் குளோரைடு. சாயத்துக்குப் போட்ட உப்பும் டைகுரோமேட்டைத் தின்னும், சிஓடி பொய்யாக ஏறும். 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட் 20 மி.லி. மாதிரியில் லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு வரைதான் கட்டிப்போடும். அதனால் முதலில் குளோரைடு பாருங்கள், கூடுதலாக இருந்தால் நீர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதரசக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனி கேனில் சேர்த்து வையுங்கள். பிஓடிக்கு (கழிவை உண்ண நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) நம் நாட்டு முறை 27 டிகிரியில் 3 நாள். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் 20 டிகிரி, 5 நாளை ஒப்பித்துவிட்டு வந்து நேர்முகத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கலங்கலைத் திரட்டிப் படிய வைக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்ட்டும் கைப்பழக்கம்தான். ஆறு பீக்கரில் ஒரே தண்ணீர், ஆறு வெவ்வேறு அளவு மருந்து. 100 ஆர்பிஎம்மில் 1 நிமிடம், 30 ஆர்பிஎம்மில் 15 நிமிடம், அரை மணி நேரம் அசையாமல் வைத்தல். கிடைத்த அளவைக் கிலோவாக்கத் தெரிய வேண்டும்: நாளுக்கு 500 கன மீட்டர், லிட்டருக்கு 300 மி.கி. என்றால் 150 கிலோ. இந்தக் கணக்கில் சைபர் தவறினால் ஒரு ஷிப்ட் மருந்து முழுக்க வீண்.

அடுத்தது உயிரியல் தொட்டி. ஒரு லிட்டர் ஜாடியில் கலவையை எடுத்து 30 நிமிடம் விடுங்கள். கசடு 300 மி.லி. கோட்டில் நின்று, எம்எல்எஸ்எஸ் (கலவையில் மிதக்கும் திடப்பொருள்) லிட்டருக்கு 3,000 மி.கி. என்றால் எஸ்விஐ (ஒரு கிராம் கசடு படிந்தபின் எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்ற எண்) 100, நல்ல நிலை. 150-ஐத் தாண்டினால் கவனம். கசடு படியவில்லை என்றதும் பாலிமரைக் கொட்டுவது சோம்பேறி வைத்தியம். அதே கலவையைத் தெளிந்த வெளிநீரால் பாதிக்குப் பாதி நீர்த்து மறுபடி படிய விடுங்கள். இப்போது படிந்தால் தொட்டியில் கசடு அளவுக்கு மீறி இருக்கிறது, வெளியேற்றுங்கள். அப்போதும் படியாவிட்டால் நூல்போல நீளும் பாக்டீரியா பெருகியிருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போயிருக்கலாம், ஊட்டம் குறைந்திருக்கலாம். சாயக் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பாலும் போதாது. பிஓடி 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் யூரியாவும் டிஏபியும் போடுவது அதனால்தான்.

ஆர்.ஓ.வில் மெம்பரேன் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய தொட்டிகளில்தான் இருக்கும். உள்ளே போகும் நீரின் எஸ்டிஐ (நுண்துகள்கள் எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எண்) 5-க்குக் கீழே, முடிந்தால் 3-க்குக் கீழே இருக்க வேண்டும். மிச்சக் குளோரினைச் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு முறிக்காவிட்டால் பாலிஅமைட் மெம்பரேன் அரித்துப்போகும். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். மார்கழி இரவில் நீர் குறைந்ததை அடைப்பு என்று நினைத்துக் கழுவத் தொடங்கினால் நேரமும் மருந்தும் தண்டம். வெப்பநிலைக்கும் அழுத்தத்திற்கும் திருத்திய அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கினால் மட்டும் கழுவுங்கள். கரிமப் படிவு இருந்தால் காரம் முதலில், அமிலம் பிறகு. மாற்றிச் செய்தால் அழுக்கு இறுகிவிடும்.

பாதுகாப்பு. கசடுத் தொட்டியில், மூடிய சம்ப்பில் (கழிவுநீர் சேரும் குழி) ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தங்கும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் நாற்றம் இல்லை என்பது அங்கே சாட்சியம் ஆகாது. வாயு மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தொட்டாலோ யாரையும் இறக்காதீர்கள். விழுந்தவரைத் தூக்க வெறும் கையோடு இறங்குபவர்தான் இரண்டாவதாகச் சாகிறார். “சும்மா ரெண்டு நிமிஷம்தான் தம்பி” என்று மேஸ்திரி சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

காகித வேலையைக் கெமிஸ்ட் தலையில்தான் கட்டுவார்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று முதல் வாரமே படியுங்கள். படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள், அபாயகரக் கழிவின் படிவம் 4 ஜூன் 30-க்குள். ரசாயனக் கசடைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் குவித்து வைக்கக் கூடாது.

மேல்படிப்பு ஓராண்டு வேலை பார்த்த பிறகு போதும். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.ஈ. சேர பொறியியல் பட்டம் கேட்பார்கள், உங்களுக்கு எம்.எஸ்சி. வழிதான் நேரானது. அதுவரை ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத்தளமான என்பிடெல்லில் கழிவுநீர் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். ஆய்வகப் பக்கமே போக விரும்பினால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற இடமாகத் தேடுங்கள். வழிமுறையும் பதிவேடும் அங்கே கைக்குப் பழகிவிடும்.

நேர்முகத்தில் சான்றிதழைப் புரட்டிவிட்டு லாக் ஷீட் ஒன்றை நீட்டுவார்கள்: “ஆக்சிஜன் 0.8, எஸ்விஐ 210, வெளிநீர் கலங்கல். என்னப்பா பண்ணுவ?” காற்று ஊதும் ப்ளோயரையும் அதைக் குமிழாக விடும் டிஃப்யூசரையும் முதலில் பார்ப்பேன், நீர்த்த மாதிரியைப் படிய வைப்பேன், யூரியா, டிஏபி பதிவேட்டைக் கேட்பேன் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.