முட்டையே இல்லாமல் அடை கிடக்கும் பேன்டம் கோழி

முட்டையே இல்லாத வெறும் பெட்டியில் உங்கள் பேன்டம் கோழி (சிறு உருவக் கோழி வகை) 15 நாளாக அடை கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அதை இன்றே பெட்டியிலிருந்து எடுத்து, அடியிலும் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் விடுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு எதுவும் வேண்டாம். தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும்.

அடைக்கு விழுமுன் முட்டைகளை அன்றாடம் எடுக்காமல் சேரவிட்டிருக்கலாம். பேன்டம் கோழிகளில் பல எளிதில் அடைக்கு விழும்.

அடைதானா என்று பார்க்கக் கையை வயிற்றுக்கு அடியில் விடுங்கள். இறகைச் சிலிர்த்து, உறுமிக் கொத்த வந்தால், நெஞ்சில் இறகு உதிர்ந்த தோல் கதகதவென்று இருந்தால் சந்தேகமில்லை. சத்தமின்றிக் கூம்பிக் கிடந்து கொண்டையும் வெளுத்திருந்தால் நோயாக இருக்கலாம். இரவில் டார்ச் அடித்துப் பெட்டி இடுக்குகளில் இரத்தம் உறிஞ்சும் பூச்சி ஊர்கிறதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

அடை தெளிய வைக்க மூக்கில் இறகு குத்துவது, வாளித் தண்ணீரில் முக்குவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அது வீண் வதை.

தெளிந்த உடனே முட்டையிடாது, ஓரிரு வாரம் ஆகலாம். குஞ்சு ஆசையில் இப்போது முட்டை வைத்தால் இன்னும் ஏறக்குறைய 21 நாள் கிடக்கும். கோழி மெலிந்து நெஞ்செலும்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டால் முட்டை வைக்காதீர்கள்.